சேலையா வேட்டியா என்று மட்டும் சொல்

"எலும்பு பொய் சொல்லாது" என்று தொல்லியல் படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒருபோலச் சொல்வார்கள். பேராதனையில் படித்த காலத்தில் அதை மரியாதையோடு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். பிறகு புதைகுழி வழக்குகளைப் பற்றிய செய்திகளிலும், இலங்கை மலையக வரலாற்றுக் கூட்டங்களிலும், தொலைக்காட்சி விவாதங்களிலும் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். கேட்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று உறுத்தும். எலும்புக்கூட்டின் முன்னால் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது தானாக எதையும் சொல்வதில்லை என்பது தெரியும். நாம் கேட்கிறோம். நம்மிடம் இருக்கும் அளவுகோல்களை வைத்து, நமக்கு வேண்டியதைக் கேட்கிறோம். கிடைக்கும் விடையில் பாதி அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பதை விட்டுவிட்டு எலும்பின் நேர்மையை மட்டும் புகழ்வது எனக்கு ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பது ஒரு தோட்டத்து மண்சரிவுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. அதற்குப் போகும் முன் மாத்தளையைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

2012ஆம் ஆண்டின் இறுதியில் மாத்தளை வைத்தியசாலை வளவில் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் உயிரிவாயுக் கலம் கட்டுவதற்காக மண் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. முடிவில் 150க்கு மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அகழ்வுக்குப் பொறுப்பாக இருந்த தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ, கிடைத்த சான்றுகளைக் கொண்டு அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றார். அது ஜேவிபி எனப்படும் மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாம் ஆயுதக் கிளர்ச்சியின் காலம். பிள்ளைகளைத் தொலைத்த பெற்றோர் அந்தக் குழியின் ஓரத்தில் வந்து நின்றார்கள். பின்னர் அரசு அமைத்த ஆணைக்குழு மாதிரிகளை அமெரிக்காவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பியது. 1950க்கு முற்பட்டவை என்று அங்கிருந்து விடை வந்தது. எலும்புகள் அதே எலும்புகள்தான். இரண்டு விடைகளுக்கும் நடுவில் சில தலைமுறைகள் நிற்கின்றன. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் அந்த வழக்கைப் பின்தொடர்ந்தவர்கள் யாரும் "எலும்பு பொய் சொல்லாது" என்ற வாக்கியத்தை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட மாட்டார்கள்.

மாத்தளை எனக்கு வேறொரு காரணத்துக்காகவும் முக்கியம். கதிரியக்கக் காபன் முறையில் காலம் கணிப்பதில் ஒரு வினோதம் உண்டு. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்ததில் காற்றிலிருந்த கதிரியக்கக் காபன் ஏறக்குறைய இரு மடங்கானது. ஆகவே ஒருவர் அதற்கு முன் இறந்தாரா, பின் இறந்தாரா என்பதை ஆய்வுகூடம் ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடும். ஆனால் முன் என்றால் எவ்வளவு முன்? பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1950 வரை, காபன் அளவை ஆண்டாக மாற்ற உதவும் அளவீட்டு வளைகோடு ஏறி இறங்கித் தன்னைத்தானே மடித்துக்கொள்கிறது. 1700இல் இறந்தவரையும் 1900இல் இறந்தவரையும் அந்த முறையால் பிரித்துக் காட்டுவது மிகக் கடினம். நம்முடைய காலத்தை இதில் வைத்துப் பாருங்கள். கம்பளைப் பக்கம் கோப்பிக்காகக் காடு வெட்டியது 1820களில். தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் கொலராவிலும் பட்டினியிலும் வழியோரத்தில் விழுந்தது அதற்கடுத்த பத்தாண்டுகளில். லூல்கந்துரையில் தேயிலை நட்டது 1867இல். மலையகத் தமிழரின் முதல் மூன்று நான்கு தலைமுறைகளும் சரியாக அந்த ஊமை இடைவெளிக்குள் விழுகின்றன. வடக்குப் பாதையோரத்தில் நாளை ஒரு எலும்புக்கூடு கிடைத்தால், அது நடந்து வந்த நம்மவரா என்பதைக் காபன் சொல்லாது. கூடவே கிடக்கும் ஒரு செப்புக்காசோ கண்ணாடி மணியோ உடைந்த பீங்கானோதான் சொல்ல வேண்டும். நடந்து வந்தவர்களிடம் அவையும் இருந்திருக்காது.

மண் தின்றது

"எங்கள் முன்னோர் தேயிலைக்கு உரமானவர்கள்" என்று மேடையில் சொல்லாத மலையக அரசியல்வாதி இல்லை. கைதட்டலும் விழும். வேதியியல் அறிந்தவர்களுக்கு அந்த வாக்கியம் இன்னும் கடுமையாக ஒலிக்கும், ஏனென்றால் அது ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து உண்மை. தேயிலைச் செடிக்கு அமில மண் வேண்டும். காரகாடிச் சுட்டெண் (pH) நாலரையிலிருந்து ஐந்தரை வரை இருந்தால் அது செழிக்கும். எலும்பின் திடம் கல்சியத்தாலும் பொஸ்பேட்டாலும் ஆனது, அமிலத்தில் கரைவது. எலுமிச்சம்பழச் சாற்றில் போட்ட முட்டை ஓடு போல, மெல்ல மெல்ல அது தன் சுண்ணாம்பை இழக்கிறது. இதன் மேல் ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் இறங்கி, கரைந்ததையெல்லாம் கழுவிக்கொண்டு போகிறது. தேயிலை நன்றாக வளரும் மலை எதுவோ, அங்கேதான் புதைத்தவர்களின் எலும்பு மிச்சமில்லாமல் போகிறது. பழைய தோட்ட மயானத்தைத் தோண்டினால் பல இடங்களில் கிடைப்பது ஆளின் நீளத்துக்கு நிறம் மாறிய மண்ணும் சில பற்களும்தான்.

இதே மலைகளின் அடிவாரத்துக் குகைகளில் நிலைமை வேறு. குருவிட்டைக்கு அருகில் பட்டதொம்ப லென, கித்துல்கலவில் பெலி லென, இன்னும் மேற்கே பாஹியன் குகை. பாறையின் கீழ் மழை படாத இடம். அங்கே வாழ்ந்தவர்கள் தின்று எறிந்த காட்டு நத்தைகளின் ஓடுகள் அடுக்கடுக்காகக் கிடந்து மண்ணுக்குச் சுண்ணாம்பு கொடுத்தன. அதனால் பல்லாயிரம் ஆண்டுகளைத் தாண்டியும் அவர்களுடைய எலும்பும் பல்லும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்தப் பற்களின் எனாமலை ஆராய்ந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, குறைந்தது 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இங்கிருந்த மனிதர்கள் பெரும்பாலும் மழைக்காட்டை நம்பியே உண்டு வாழ்ந்தார்கள் என்று காட்டியது. மழைக்காட்டில் வேட்டையாடியே வாழ்க்கை நடத்த முடியாது என்று அதுவரை வாதிட்டவர்களுக்கு அது பெரிய பதில். எனக்கு அதை வாசிக்கும்போது பெருமையும் வந்தது, ஒரு வகை வயிற்றெரிச்சலும் வந்தது. இருபதாயிரம் ஆண்டுக்கு முன் குரங்கையும் அணிலையும் வேட்டையாடியவர் என்ன தின்றார் என்று தெரிகிறது. நூற்று ஐம்பது ஆண்டுக்கு முன் என் தோட்டத்தில் செத்தவர் அரிசி எத்தனை நாள் தின்றார் என்று தெரியவில்லை.

மயானத்துக்குள்ளேயே இன்னொரு பாகுபாடும் இருக்கிறது. பெரிய கங்காணிமாரின் கல்லறைகள் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியவை. அந்தச் சுண்ணாம்பு மழையோடு கசிந்து சுற்று மண்ணின் அமிலத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. வெறும் மண் மூடிப் புதைத்தவர்களுக்கு அந்தக் காவல் இல்லை. ஆகவே நாளை யாராவது வந்து தோட்ட மயானங்களில் கிடைத்த எலும்புகளை வைத்து "தோட்டத்து மக்களின் உடல்நிலை இப்படி இருந்தது" என்று எழுதினால், அதில் வசதியாக வாழ்ந்தவர்களின் பங்கு கூடுதலாக இருக்கும். கரைந்து போனவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். இருப்பதை மட்டும் பார்த்து எழுதுவது நம்மூரில் இரட்டைத் தவறாகிவிடும்.

சரிந்த மேடு

ஹட்டன் பக்கத்தில் என் அப்பாவின் உறவுகள் இன்னும் வாழ்கிற தோட்டம் ஒன்று உண்டு. ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் பழைய மயானத்து மேடு சரிந்து பாதையில் விழுந்தது. மண்ணோடு எலும்புகளும் வந்தன. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள். 2014இல் மீரியபெத்தையில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயமே மண்ணுக்குள் போய், பலருடைய உடல் இன்றுவரை கிடைக்காமல் போனதிலிருந்து சரிவு என்றாலே மலையகத்தில் நெஞ்சு அடைக்கும். தோட்டத் தலைவர் உடனே கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸாருக்கும் அறிவித்தார். சட்ட வைத்திய அதிகாரி வந்து பார்த்து, இவை பழைய புதைகுழி எச்சங்கள், குற்றம் நடந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை என்றார். நீதவானின் அனுமதியோடு மறுபடி அடக்கம் செய்யும்படி தோட்டத்து மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த இடைவெளியில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். எலும்பு படித்த ஒரு பிள்ளை நம் குடும்பத்தில் இருக்கிறதே என்ற உரிமை.

மயானத்து ஓரத் தகரக் கொட்டகையில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார்கள். நான் போகும்போது சின்ன அப்பாயி, என் அப்பாயியின் தங்கை, முன்னாலேயே வந்து பலகையில் உட்கார்ந்திருந்தார். கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். கண்பார்வை மட்டும் கூர்மை. எலும்புகள் யாருடையவை, பெயர் என்ன என்பது யாருக்கும் தெரியாது. அந்தப் பகுதியில் யாரைப் புதைத்தார்கள் என்று சொல்லக்கூடிய குடும்பங்கள் 1970களிலேயே இந்தியாவுக்குப் போய்விட்டன. நான் கையுறையைப் போட்டுக்கொண்டு எலும்புகளைப் பிரித்து அடுக்கத் தொடங்கியபோது சின்ன அப்பாயி சொன்னார்: "பெயரெல்லாம் வேண்டாம் பாப்பா. சேலையா வேட்டியா என்று மட்டும் சொல். கடை மூடுவதற்குள் ஆள் அனுப்ப வேண்டும்."

இத்தனை காலம் கற்றதிலும் கற்பித்ததிலும் ஆண் பெண் வேறுபாடு எனக்கு ஒரு படிவத்தில் நிரப்பும் கட்டமாகவே இருந்தது. அதை ஒருவர் கோடித் துணி வாங்குவதற்காகக் கேட்டது அன்றைக்குத்தான். இடது இடுப்பெலும்பு ஓரளவு முழுதாக இருந்தது. கங்காணியார் கல்லறையின் விளிம்பை ஒட்டிப் புதைத்திருந்ததால் தப்பியிருக்கும் என்று நினைக்கிறேன். அதன் பின்பக்கத்து வளைவு அகலமாக விரிந்திருந்தது. ஆணுக்கு அது ஒடுங்கியிருக்கும். புருவ மேடும் மெலிந்தது. காறையெலும்பின் நெஞ்சுப்பக்க முனை ஒட்டி முடிந்திருந்தது. அது உடம்பில் கடைசியாக ஒட்டும் முனைகளில் ஒன்று, முப்பதை நெருங்கும்போது முடியும். ஆகவே முப்பதையொட்டியோ தாண்டியோ வயதுள்ள பெண். "சேலை" என்றேன். சின்ன அப்பாயி தலையாட்டிவிட்டு எழுந்து வந்து தாடையைக் குனிந்து பார்த்தார். பற்களில் செம்பழுப்புக் கறை படிந்திருந்தது. "வெற்றிலை போட்டிருக்கிறாள்" என்றார். நான் சொல்லவிருந்ததை அவரே சொல்லிவிட்டார். துணி வாங்கப் போன பையனிடம் வெற்றிலை, பாக்கு, புகையிலையும் சேர்த்து வாங்கிவரச் சொல்லி அனுப்பினார்.

அடுத்து ஒரு குழந்தை. மண்டையோட்டுத் துண்டுகளும் பற்களும் மட்டும். பால் பற்கள் எல்லாம் முளைத்திருந்தன. ஆறு வயதையொட்டி முளைக்கும் முதல் கடைவாய்ப் பல் இன்னும் தாடைக்குள்ளேயே இருந்தது. நாலைந்து வயது என்று துணிந்து சொல்லலாம். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பருவம் எய்தும் முன் எலும்பில் அந்த வேறுபாடு தெளிவாக எழுவதில்லை. அதைச் சொன்னதும் சின்ன அப்பாயிக்கு எந்தச் சங்கடமும் இல்லை. குழந்தைக்கு வெள்ளைத் துணி போதும் என்றார். பிறகு, "இவள் பிள்ளை பெற்றவளா? இது இவள் பிள்ளையா?" என்று கேட்டார்.

ஒரு காலத்தில் இதற்கும் விடை இருப்பதாக நம்பினார்கள். இடுப்பெலும்பில் சில பள்ளங்கள் தெரியும். அவை பிரசவத்தின் தழும்புகள் என்று பாடநூல்கள் எழுதின. பிள்ளை பெறாத பெண்களிடமும், சில ஆண்களிடமும்கூட அப்படிப்பட்ட பள்ளங்கள் இருப்பது பிறகு தெரியவந்தது. அந்தப் பெண்ணின் எலும்பிலும் பள்ளங்கள் இருந்தன. "தெரியாது அப்பாயி" என்று சொன்னேன். சரிவில் மண் கலந்துவிட்டதால் இருவரும் பக்கத்தில் கிடந்தது எதற்கும் ஆதாரமாகாது என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இருவரையும் ஒரே குழியில் வைக்கலாம், யாருடைய பிள்ளையாக இருந்தாலும் ஒரு தாய் பக்கத்தில் இருக்கட்டும் என்றார். அறிவியல் கைவிரித்த இடத்தில் அவரால் ஒரு முடிவு எடுக்க முடிந்தது. நான் "தெரியாது" என்று சொல்லாமல் பள்ளங்களைக் காட்டி ஆமாம் என்றிருந்தால் அந்த முடிவு அவருடையதாக இருந்திருக்காது.

உயர்தரம் படிக்கும் ஒரு பையன் கழுத்தெலும்புகளைக் காட்டிக் கேட்டான்: "இந்தத் தேய்மானம் கொழுந்துக் கூடையால் வந்ததுதானே அக்கா?" தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்த பெண்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. எனக்கும் ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. கூட்டத்தில் நின்ற ஒவ்வொரு பெண்ணின் கழுத்திலும் அந்த வலி இருக்கிறது. ஆனால் கழுத்து முள்ளெலும்பு வயதாலும் தேயும், பிறவி அமைப்பாலும் தேயும். ஒரே ஒருவரின் எலும்பை வைத்து அவர் செய்த வேலையைச் சொல்வது இந்தத் துறையில் மிகவும் சர்ச்சைக்குரிய விஷயம். நூறு பேரின் எலும்புகளை, வேறு வேலை செய்த நூறு பேரோடு ஒப்பிட்டால் ஏதாவது பேசலாம். அந்த நூறு பேரை மண் தின்றுவிட்டது. பையனுக்கு ஏமாற்றம். கூடையின் பாரத்தை நிரூபிக்கச் செத்தவரின் கழுத்தெலும்பு தேவையில்லை, உன் அம்மாவிடமே கேட்கலாம் என்று சொன்னேன்.

பிறந்த இடம்

அந்தப் பெண்ணின் தாடையில் முதல் கடைவாய்ப் பல்லும் ஞானப்பல்லும் நல்ல நிலையில் இருந்தன. இங்கேதான் எனக்கு மனம் அலைந்தது. பல்லின் எனாமல் ஒருமுறை உருவானால் பிறகு மாறுவதில்லை. முதல் கடைவாய்ப் பல்லின் எனாமல் பிறப்பிலிருந்து மூன்று வயதுக்குள் உருவாகிறது. ஞானப்பல்லினுடையது பருவ வயதையொட்டி. அந்தந்தக் காலத்தில் குடித்த தண்ணீரின் ஒட்சிசனும், தின்ற உணவு விளைந்த மண்ணின் ஸ்ட்ரோன்சியமும் அதில் தங்கிவிடுகின்றன. மழை குறைந்த தமிழ்நாட்டுச் சமவெளியில் பிறந்து, சிறுவயதில் இந்த மலைக்கு வந்தவர் என்றால் இரண்டு பற்களும் இரண்டு விதமாகப் பேச வாய்ப்புண்டு. இரு நிலங்களின் நீரையும் மண்ணையும் அளந்த வரைபடம் கையில் இருந்தால், ஒரு பெண்ணின் வாய்க்குள்ளேயே மன்னார்ப் பாதையை வாசித்துவிடலாம். நகத்தளவு எனாமல் போதும். அதற்கு முறையான அனுமதிகள் வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும், அவையெல்லாம் பிறகு. முதலில் கேட்க வேண்டியவர்கள் கொட்டகையில் நின்றார்கள். தலைவரிடமும் சின்ன அப்பாயியிடமும் எல்லாவற்றையும் விளக்கி, ஒரு பல்லை மட்டும் வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டேன்.

தலைவர் சின்ன அப்பாயியின் முகத்தைப் பார்த்தார். அவர் கேட்டார்: "எங்கே பிறந்தாள் என்று தெரிந்தால் என்ன செய்வாய் பாப்பா? அங்கே கொண்டுபோய்ப் புதைக்கச் சொல்வார்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அறிந்துகொள்ளக் கேட்டார். அவருடைய அண்ணன் குடும்பம் கப்பலேறி இப்போது கூடலூரில் இருக்கிறது. "உன் தகப்பன் எங்கே பிறந்தான், தாத்தா எங்கே பிறந்தார்" என்று அதிகாரிகள் கேட்டதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி ஒருவர் இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்து லயத்திலேயே செத்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட உடன்படிக்கையில் 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம் என்று பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். ஒரே வீட்டில் தாய் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது அந்த ஒரே கேள்விதான்: எங்கே பிறந்தாய்? அதே கேள்வியைத்தான் நான் கையுறை போட்டுக்கொண்டு ஒரு பல்லிடம் கேட்கப் புறப்பட்டிருந்தேன்.

அந்தக் கேள்வி தொல்லியலில் எவ்வளவு இயல்பானது என்பதை யோசித்துப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரைகளில் "பூர்வீகத்தவர்", "வந்தேறியவர்" என்று இரண்டு பத்திகள் போட்டு எண்களை அடுக்குவார்கள். ஐரோப்பாவின் நடுக்காலத்து மயானம் ஒன்றில் அதைச் செய்தால் யாருக்கும் வலிக்காது. மலையகத்தில் அந்த அட்டவணை வெளிவந்த மறுநாளே அதை வேறொருவர் கையில் எடுப்பார். இவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு எலும்பிலேயே ஆதாரம் இருக்கிறது என்பார். எதிர்ப்பக்கத்தில், இவர் இங்கேயே பிறந்தவர், ஆகவே எங்களுக்கும் உரிமை உண்டு என்று நம்மவர்களே எழுதுவார்கள். அதுவும் எனக்குச் சம்மதமில்லை. ஒருவர் பிறந்த இடத்தைப் பல்லால் நிரூபித்தால்தான் அவருடைய உரிமை நிற்கும் என்றால், பல்லும் கரைந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே போவார்கள்?

இந்த நாட்டில் மண்டையோட்டின் கதையும் சுத்தமானதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையின் பூர்வகுடிகளான வேடர்களின் மண்டையோடுகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய் அளந்தார்கள். பெர்லினில் மருத்துவர் ருடோல்ஃப் விர்க்கோ அதைப் பற்றி எழுதினார். பாசல் நகரத்து இயற்கையியலாளர்களான பவுல் சரசினும் ஃபிரிட்ஸ் சரசினும் இங்கே வந்து அவர்களைத் தேடித் திரிந்தார்கள். மனிதப் படிநிலையின் அடிப்படியில் அவர்களை நிறுத்துவதற்கு அந்த அளவுகள் பயன்பட்டன. யாருடைய சம்மதமும் கேட்கப்படவில்லை. 2019இல் எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த ஒன்பது மண்டையோடுகளை வேடர் தலைவர் ஊருவரிகே வன்னிலா எத்தோவின் கையில் திருப்பிக் கொடுத்தது. அந்தச் செய்தியை வாசித்தபோது, அவற்றை அளந்து எழுதிய கட்டுரைகளில் நான் படித்தவையும் இருக்குமே என்று நினைத்தேன். மண்டையோட்டை அளக்கும் கருவிகளைப் பிடிக்கக் கற்ற எல்லோருக்கும் அந்தப் பரம்பரையில் ஒரு பங்கு உண்டு. அதை அறிந்தே இந்தத் தொழிலைச் செய்ய வேண்டும்.

பல்லை நான் எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன அப்பாயி வேண்டாம் என்று சொல்லவுமில்லை, கேள்வியோடு நிறுத்திக்கொண்டார். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் என்னிடம் இல்லாதபோது சம்மதம் கேட்பதில் பொருளில்லை என்று எனக்குப் பட்டது. சேலையைச் சுற்றி, வெற்றிலையை வைத்து, குழந்தையைப் பக்கத்தில் கிடத்தி, மேட்டுக்கு அப்பால் சரியாத இடத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த மண்ணும் அமில மண்தான். பல் தவிர மற்றவை மெல்லக் கரையும். நண்பர்கள் சிலர் இதைக் கேட்டுக் கோபப்பட்டார்கள். ஆவணமே இல்லாத ஒரு சமூகத்துக்குக் கிடைத்த ஓர் ஆவணத்தைத் திரும்ப மண்ணில் போட்டுவிட்டாயே என்றார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இந்த வாதம் எனக்குள் இன்னும் ஓயவில்லை. ஆனால் நாளை மறுபடி அந்தக் கொட்டகையில் நின்றாலும் அதையேதான் செய்வேன். என்றாவது அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளே, எங்கள் பாட்டிமார் எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தார்கள் என்று தாங்களாகக் கேட்டு வந்தால், அன்றைக்கு அந்த இடத்தைக் காட்ட முடியும். எங்கே, எவ்வளவு ஆழத்தில், யார் பக்கத்தில் யார் என்று வரைந்து தலைவரிடம் ஒரு பிரதியும் பாடசாலையில் ஒரு பிரதியும் கொடுத்திருக்கிறேன்.

இதை எழுதுவதற்கு உடனடிக் காரணமும் ஒன்று உண்டு. மழை கூடிக்கொண்டே போகிறது, மேடுகள் சரிகின்றன. பழைய மயானங்களில் பெரும்பாலானவை சரிவான, தேயிலைக்கு உதவாத ஓரங்களில் ஒதுக்கப்பட்டவை. அடுத்து விழக்கூடியவை அவையே. உங்கள் தோட்டத்தில் எலும்பு வெளிப்பட்டால் உரப்பையில் அள்ளிக் கட்டாதீர்கள், கழுவாதீர்கள். மழை படாமல் ஒரு படங்கைப் போட்டு மூடிவிட்டுக் கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸாருக்கும் சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரி வந்து பார்க்கும் வரை யாரும் தொட வேண்டாம். எது எங்கே கிடந்தது என்று தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள், ஆனால் முகநூலில் போடாதீர்கள். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, இப்போது உயிரோடு இருக்கும் பெரியவர்களை மயானத்துக்கு அழைத்துப் போய், எந்தக் குழியில் யார் என்று கேட்டு எழுதி வைப்பது. சின்ன அப்பாயி ஒரு காலைப்பொழுதில் எனக்குச் சொன்ன பெயர்கள் ஒரு குறிப்பேட்டின் பாதியை நிறைத்தன. மழை விட்டதும் பணிய லயத்துப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு மறுபக்கத்து மயானத்துக்குப் போகிறோம். உயர்தரத்துப் பிள்ளைகள் அளவு நாடாவோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.